நிலைப்படியில் நின்றுவிடும் கால்

"அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். மாத்திரையால் கை நடுக்கம் குறைந்திருக்கிறது. ஆனால் சமையலறை நிலைப்படிக்கு வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். பிசியோதெரபிஸ்ட் நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாகச் சாய்ந்து பழகச் சொல்கிறார். இதில் என்ன இருக்கிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நிறையவே இருக்கிறது. முதலில் எழுந்து ஒரு சுவரருகே போங்கள். வலது தோளும் வலது பாதத்தின் வெளி விளிம்பும் சுவரை ஒட்டியிருக்கும்படி நில்லுங்கள். இப்போது இடது காலைத் தூக்கி நில்லுங்கள், பார்ப்போம். முடியாது. காலில் ஒரு குறையும் இல்லை. உடல் வலப்பக்கம் சாய்வதைச் சுவர் தடுக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு காலைத் தூக்குமுன் பாரம் மறு காலுக்கு மாறியாக வேண்டும். மாற்றிவிடுவது எது தெரியுமா? தூக்கப்போகிற அதே கால்! இடது காலை எடுக்க நினைத்ததும் இடது பாதம் தரையை இன்னும் அழுத்தி மிதிக்கிறது. கரையை விட்டு விலகக் கரையையே கழியால் உந்தும் பரிசல்காரரைப் போல. அந்த உந்தலில் உடல் வலப்பக்கம் போன பிறகுதான் இடது கால் எழும்புகிறது. எல்லாம் அரை நொடி வேலை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

பார்க்கின்சன் நோயில், உடல் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் குறையக் குறைய இந்த மிதி வலுவிழக்கிறது. கால் உறையும்போது முழங்கால் படபடக்குமே, அதை வெறும் நடுக்கம் என்று நினைக்காதீர்கள். பாரத்தை மாற்றும் முயற்சி திரும்பத் திரும்ப எழுந்தும் அடி எடுக்க முடியாமல் போவதே அது என்று 2009-ல் அமெரிக்காவின் ஓரிகன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

தானாக நடக்காததைக் கவனம் வைத்துச் செய்வதுதான் அந்தப் பயிற்சி. சீனாவின் தை சி முழுக்கவே மெதுவாகப் பாரம் மாற்றும் கலை. 195 நோயாளிகளை வைத்து 24 வாரம் நடந்த, 2012-ல் வெளியான ஆய்வில், தசையை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடத் தை சி பழகியவர்கள் குறைவாகவே விழுந்தார்கள். செலவை ஏற்றது அமெரிக்க அரசு நிறுவனம். சாய்ந்து நிற்பதற்குக் காப்புரிமை வாங்க முடியாதே, மருந்து நிறுவனம் எதற்குப் பணம் போடும்? நம் அரசுகளும் இதற்குக் கொஞ்சம் ஒதுக்கலாம்.

நிலைப்படியில்தானே நிற்கிறார், வாஸ்து சரியில்லை என்று யாராவது சொன்னால் சுவரை இடித்துவிடாதீர்கள். குறுகலான வழியைக் கண்டதும் கால் உறைவது இந்நோயாளிகளிடம் எந்த நாட்டிலும் காண்பதுதான்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி, பக்கத்தில் ஒருவர் நிற்கப் பழகட்டும். நிலைப்படியில் நின்றுவிட்டால் கையைப் பிடித்து முன்னால் இழுக்காதீர்கள். பாதம் அங்கேயே இருக்க உடல் மட்டும் கவிழும். "இடப்பக்கம் சாயுங்கள், வலப்பக்கம் சாயுங்கள், இப்போது பெரிய அடி" என்று எண்ணிச் சொல்லுங்கள்.