‘முன்னேற்றம் இல்லை’ என்று எழுதும் முன்

மறுபடியும் அதே மாதிரி ஒரு ஃபைல். கடுமையான பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவு கெடும் நிலை) உள்ள பையன், கழுத்தே சரியாக நிற்காது. கடைசிப் பக்கத்தில் ‘முன்னேற்றம் இல்லை’ என்று எழுதி, தெரபியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவோ, முன்பு சோறு ஊட்ட ஒரு மணி நேரமாகும், இப்போது பாதி நேரம்தான், ராத்திரி அழுகையும் குறைந்திருக்கிறது என்கிறார். ஃபைலில் இதில் ஒரு வரிகூட இல்லை. யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

‘எப்போ நடப்பான்?’ என்று பெற்றோர் கேட்பதில் தப்பே இல்லை. சிகிச்சை தருகிறவர்களும் அதை மட்டுமே வைத்து அளப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. இந்தக் குழந்தைகளின் உடலியக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். வகைப்பாட்டில் ஐந்தாம் நிலை, அதாவது மிகக் கடுமையான நிலை என்றால் தலையை நிமிர்த்தி வைப்பதே பெரும்பாடு. கனடாவின் ஒண்டாரியோவில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வின்படி, இந்த நிலைக் குழந்தைகள் தங்களால் எட்டக்கூடிய உடலியக்கத் திறனில் சுமார் 90 சதவீதத்தை மூன்று வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஆறு வயதில் நடையை அளந்தால் என்ன வரும்? மூட்டை நிறுக்கும் தராசில் குன்றிமணித் தங்கத்தை வைத்த கதைதான். உட்காருவது, தவழ்வது, நடப்பது போன்றவற்றை அளக்கும் ஜி.எம்.எஃப்.எம். பரிசோதனையின் 88 செயல்களில் பெரும்பாலானவை இந்தக் குழந்தைக்கு எட்டாதவை. அதில் மதிப்பெண் அசையவில்லை என்பதால் வீட்டில் எதுவும் மாறவில்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்று, மோசமாகாமல் இருப்பதும் பலன்தான். ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் ஐந்தாம் நிலைக் குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இடுப்பு மூட்டு விலகியிருந்தது. போன எக்ஸ்ரேயில் இருந்த அளவே இந்த எக்ஸ்ரேயிலும் இருந்தால் அதைத் தைரியமாக வெற்றிக் கணக்கில் எழுதுங்கள்.

தசை இறுக்கத்தின் மதிப்பெண் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது என்று எழுதி முடித்துவிடுகிறோம். தொடை விரிந்து கொடுக்கிறதா, டயப்பர் மாற்ற ஒரு ஆள் போதுமா? அதைக் கேளுங்கள். இறுகிய தசையைத் தளர்த்தப் போடும் போட்டாக்ஸ் ஊசியின் வேகம் மூன்று நான்கு மாதத்தில் தணிந்துவிடும். ஆறாம் மாதம் வந்து அளந்துவிட்டு ஊசி வேலை செய்யவில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

வாய் பேசாத பிள்ளைக்கு வலிக்காது என்று யார் சொன்னது? முகம், கால், அசைவு, அழுகை, சமாதானமாகும் விதம் ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கே உரிய வலி அடையாளங்களையும் பெற்றோரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

சிகிச்சை தொடங்கும் முன்பே இலக்கை எழுதுங்கள். ‘சக்கர நாற்காலியில் அரைமணி நேரம் அழாமல் உட்கார வேண்டும்’ என்கிற அளவுக்குத் தெளிவாக. பிறகு அந்த இலக்கை வைத்தே மதிப்பெண் போடுங்கள்: எதிர்பார்த்தது நடந்தால் 0, மிகவும் குறைந்தால் -2, மிகவும் கூடினால் +2. பராமரிப்பு, வசதி, வாழ்க்கைத்தரம் பற்றிப் பெற்றோரே பதில் சொல்லும் ‘சி.பி.சைல்ட்’ வினாத்தாள் இந்தக் குழந்தைகளுக்கென்றே உருவானது. அதையும் பயன்படுத்துங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஊட்ட எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை முறை விழிப்பு என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அதே நாற்காலி, அதே நேரம் பார்த்து மாதம் ஒரு வீடியோ எடுங்கள். வலிப்பு வந்த மறுநாளோ மருந்து மாற்றிய வாரத்திலோ எடுக்க வேண்டாம். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டு வாருங்கள்.