பத்து மணி வரைக்கும் அடிக்கலாம் எண்டு ஆர் சொன்னது?

நான் ஒரு சட்டத்தரணி. சித்திரை பிறந்ததில் இருந்து என் மேசைக்கு வந்த வழக்குக் கோப்புகளில் மூன்று, ட்ரம்ஸ் சத்தத்தில் தொடங்கியவை. ஒன்றில்கூட ட்ரம்ஸ் அடித்தவர் எதிரி இல்லை. மூன்றிலும் எதிரிக் கூண்டில் நிற்பது பக்கத்து வீட்டுக்காரர். நித்திரை கெட்டு, தலையிடியோடு, நியாயத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு இருந்த மனுசன்தான் கடைசியில் பிணைக்கு ஆள் தேடுகிறார். மூன்றாவது கோப்பை வாங்கி வைத்த அன்றைக்குத்தான் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன், ஊரைக் கேட்காதீர்கள்.

மீள்குடியேற்றத்தின் பிறகு கட்டிய திட்ட வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு ஒழுங்கை. வீட்டுக்கு மேல் கூரைச் சீற் மட்டும், சீலிங் இல்லை, சுவரில் காற்றுக்கு விட்ட துவாரங்கள், இரண்டு வளவுக்கும் நடுவில் தகர வேலி. ஒரு வீட்டில் ஐந்து பெடியன்கள் சேர்ந்து இசைக்குழு தொடங்கியிருக்கிறார்கள். பங்குனியில் புளியம்பொக்கணை, வைகாசியில் வற்றாப்பளை, இடையில் ஊர்க் கோயில்களின் திருவிழாக்கள் என்று பாட்டுக் கச்சேரிக்குக் கேட்டு வரும் காலம். கீபோட், பேஸ் கிற்றார், ட்ரம்ஸ், இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கி ஒவ்வொரு நாளும் ஒத்திகை.

பக்கத்து வீட்டில் உயர்தரம் எழுதப்போகும் மகள், படுக்கையில் கிடக்கும் ஒரு அம்மம்மா. 2009இல் மாத்தளன் பக்கம் பதுங்குகுழிக்குள் இருந்து வந்த மனிசி. அவவின் மருமகன்தான் என்னுடைய கட்சிக்காரர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சேர், பாட்டை முழுசா வாசிச்சா அவ கண்ணை மூடிக்கொண்டு கேப்பா. ஒருநாள் தாளம்கூடப் போட்டவ. நிப்பாட்டிப் போட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்து, திடீரெண்டு திரும்ப அடிப்பாங்கள் பாருங்கோ, அந்த முதல் அடிக்குத்தான் கட்டில் சட்டத்தைப் பிடிக்கிறா."

இதை நான் நீதிமன்றத்துக்கு வெளியே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். கச்சேரி வேறு, ஒத்திகை வேறு. கச்சேரி ஒரு இரவோடு முடியும், ஊரே போய்க் கேட்கும். ஒத்திகை என்பது நாலு வரியை நாற்பது தரம் வாசிப்பது. நாற்பதாம் தரமும் அதே இடத்தில் பிழைக்கும். அடிக்கிறவனுக்கு அது பயிற்சி, கேட்கிறவனுக்கு எப்போது பிழைக்கும் என்று காத்திருக்கும் வேலை. "கோயில் ஸ்பீக்கருக்குப் பேசாமல் இருக்கிற ஆள், எங்கட பாட்டுக்கு மட்டும் ஏன் பாயிறார்?" என்று பெடியன்கள் கேட்பதற்குப் பதில் இதுதான். (கோயில் ஒலிபெருக்கியைப் பற்றி நான் தனியாக எழுதவில்லை. எனக்கு இந்த ஊரில் இன்னும் கொஞ்சக் காலம் நடமாட வேண்டியிருக்கிறது.)

சரி, கட்சிக்காரர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பிழை. இரண்டு மாதம் ஒவ்வொரு இரவும் போனைக் கையில் வைத்துக்கொண்டு பத்து மணிக்காகக் காத்திருந்தார். பத்தைத் தாண்டினால் பொலிசுக்கு அடிக்கலாம் என்று. பெடியன்களும் அதே கணக்கை வைத்திருந்தார்கள். 9.58க்கு நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் 9.40 போல இவர் தாங்க முடியாமல் தகர வேலியை விலக்கிக்கொண்டு போய், வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிச்சைத் தட்டிவிட்டார். ஆரோ ஒருவன் ஓடிவந்து திரும்பப் போட, இவர் திரும்பத் தட்ட, மூன்றாம் தரம் கீபோட் போய்விட்டது. பிறகு தள்ளுமுள்ளு. ஒரு பெடியனுக்குப் புருவத்தில் மூன்று தையல். வளவுக்குள் அத்துமீறியது, சொத்துக்குச் சேதம் விளைவித்தது, காயப்படுத்தியது. மூன்றும் இவர் தலையில். ட்ரம்ஸ் சத்தம் பற்றி முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

இப்போது அந்தப் பத்து மணிக் கதைக்கு வருகிறேன். இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை. படித்தவர்கள், உத்தியோகத்தர்கள், ஏன், சில பொலிஸ் உத்தியோகத்தர்கள்கூட "பத்து மணி வரைக்கும் ஒண்டும் செய்யேலாது" என்கிறார்கள். செய்யலாம்.

பத்து மணி எங்கிருந்து வந்தது? 2007இல் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கி தொடர்பான ஒரு அடிப்படை உரிமை வழக்கில் கொடுத்த கட்டளையில் இருந்து. வெலிகம பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு எதிராகப் போடப்பட்ட வழக்கு. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது, இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரைக்கும் பொதுவாகக் கொடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். சனம் இந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. அதே கட்டளையில் மற்றப் பாதியும் இருக்கிறது: பகலில் கொடுக்கும் அனுமதியும் தேவையைப் பார்த்து, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும், ஒலி அந்த இடத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே பத்து மணி என்பது அனுமதிப்பத்திரம் கொடுப்பதற்கு வைத்த எல்லை. அதுவரைக்கும் எவரும் எவ்வளவும் அடிக்கலாம் என்று எந்த நீதியரசரும் எழுதவில்லை. சாராயக்கடை பூட்டும் நேரம் ஒன்று இருக்கிறது என்பதற்காக, அதுவரைக்கும் பக்கத்து வீட்டு விறாந்தையில் இருந்து குடிக்கலாமா?

இன்னொன்று சொன்னால் அநேகமானோர் நம்புவதில்லை. 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் (ஒலிக் கட்டுப்பாட்டு) ஒழுங்குவிதிகளில் இரவு என்பது பத்து மணிக்குத் தொடங்குவதில்லை. மாலை 6 மணிக்குத் தொடங்குகிறது, காலை 6 மணிக்கு முடிகிறது. பிரதேச சபைப் பகுதி முழுவதும் அந்த விதிகளில் குறைந்த ஒலிப் பகுதி. சத்தம் வரும் காணியின் எல்லையில் வைத்து அளந்தால் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. மாநகர, நகர சபைப் பகுதி என்றால் 63, 50. கிளிநொச்சியில் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி மூன்றும் பிரதேச சபைகள்தான். டவுனுக்குள் இருக்கிறோம் என்று நினைப்பவர்களும் சட்டத்தின் கண்ணில் கிராமத்தில்தான் இருக்கிறார்கள். சாதாரணமாக இரண்டு பேர் கதைப்பதே 60 டெசிபெல் அளவில் வரும். ட்ரம்ஸ் செற் எங்கே நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

அதாவது என் கட்சிக்காரர் பத்து மணி வரை காத்திருந்த ஒவ்வொரு இரவும், ஆறரைக்கே அவருக்கு முறையிட இடம் இருந்தது.

உடனே போனில் டெசிபெல் அப் ஒன்றை இறக்கிக்கொண்டு ஓடி வராதீர்கள். அது சான்று இல்லை. முறையாக அளக்க அளவு சரிபார்த்த கருவி வேண்டும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். உங்கள் வேலை ஒரு சீயாறு கொப்பியில் எழுதுவது: திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது. "ஒவ்வொரு நாளும் சரியான சத்தம்" என்று ஒரு வரி எழுதி வருபவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் படலை இருக்கிறது. போய்க் கதையுங்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது போகாதீர்கள், அப்போது உங்களுக்கும் சூடு, அவனுக்கும் அஞ்சு பேர் முன்னால் மானப் பிரச்சினை. அடுத்த நாள் காலையில், அந்த வீட்டில் பெரியவர் ஆரோ அவரோடு. "உந்தக் கூத்தை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. "பிள்ளைக்குச் சோதினை வருது, கிழமையில எந்த நாள் விடலாம் எண்டு சொல்லுங்கோ" என்று நாளையும் நேரத்தையும் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் ஆம், இல்லை என்ற இரண்டுதான் பதில். நேரம் கேட்டால் பேரம் பேசலாம். பெடியன்களை வீடியோ எடுத்து முகநூலில் போட்டு "இதைக் கேக்க ஆருமில்லையா" என்று எழுதுபவர்களுக்கு: அதன் பிறகு சமாதானமாகப் போகும் வழியை நீங்களே அடைக்கிறீர்கள்.

சரிவரவில்லையா, கிராம அலுவலர், கிராம அபிவிருத்திச் சங்கம், அதன் பிறகு மத்தியஸ்த சபை. எங்கள் சனம் இன்னும் இணக்கசபை என்றுதான் சொல்லும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. வழக்குப் போட்டுத்தான் அங்கே போக வேண்டும் என்றில்லை. பிணக்கு உள்ளவர் நேரடியாகவே தவிசாளருக்கு விண்ணப்பம் கொடுக்கலாம். சட்டத்தரணிகள் கட்சிக்காரருக்காக அங்கே போய்ப் பேச முடியாது. எனக்கு ஒரு சதம் வராத இடத்துக்கு உங்களை அனுப்புகிறேன் என்றால் கொஞ்சம் நம்பலாம்.

பொலிசுக்குப் போகிறவர்கள் இரண்டு விசயத்தை மனதில் வையுங்கள். உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதியதற்கு "சரி சேர்" என்று கையெழுத்து வைத்துவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள். முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நீதவான் நீதிமன்றத்தில் பொதுத் தொல்லை என்று, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் போகலாம். அதற்கு உங்கள் ஒரு வீடு போதாது. ஒழுங்கைச் சனம் சேர வேண்டும். "நீங்கள் போடுங்கோ அண்ணை, நாங்கள் பின்னால நிக்கிறம்" என்று சொல்லும் அயலவர்கள் தவணை நாளில் எங்கே நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.

இனி இசைக்குழுத் தம்பிமாருக்கு. நீங்கள் வாசிப்பது எனக்குச் சந்தோசம், உண்மையாகவே. போதைத்தூள் கோப்புகளைப் பார்த்துச் சலித்தவன் நான்; கிற்றாரோடு ஒரு பெடியனைக் கண்டால் கும்பிடத் தோன்றும். அதற்காக முட்டைத் தட்டை நம்பாதீர்கள். சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டிவிட்டு "சவுண்ட் புரூவ் சேர்" என்கிறார்கள். அது அறைக்குள் எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்கும். வெளியே போகும் சத்தத்தை மறிப்பது சுவரின் கனம். மேலே சீற்றும் சுற்றிவரத் துவாரமும் இருக்கும் வீட்டில் காகிதம் என்ன செய்யும்? பேஸ் ட்ரம்முக்குள் ஒரு பழைய போர்வையைத் திணியுங்கள். பெட்டியை நிலத்தில் இருந்து தூக்கி, பக்கத்து வீட்டுக்கு முதுகு காட்டித் திருப்புங்கள். பாட்டைப் பாடமாக்கும் நாட்களில் ட்ரம்ஸ் வேண்டாம், ரப்பர் தட்டில் தட்டிப் பழகுங்கள். கீபோட்டுக்கு ஹெட்போன் இருக்கிறது. முழு ஒத்திகைக்கு வன்னியில் இடமா இல்லை? பொதுநோக்கு மண்டபம், சனசமூக நிலையம், அறுவடை முடிந்த வயல் கரையில் ஒரு கொட்டில். கேட்டுப் பாருங்கள். கேட்காமல்தான் "ஒருத்தரும் எங்களை வளர விடுறாங்கள் இல்லை" என்கிறீர்கள்.

மெயின் சுவிச்காரரின் விசயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. பெடியன்கள் சனி, ஞாயிறு பகலில் வீட்டில், மற்ற நாட்களில் சனசமூக நிலையத்தில் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். கீபோட் திருத்தும் செலவில் பாதி இவர் கொடுக்க வேண்டும், இரண்டு தவணையில். அந்த இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடிப்பவனுக்கு அம்மம்மாவின் கட்டில் சட்டக் கதை அன்றைக்குத்தான் தெரியும். "முதலே சொல்லியிருக்கலாமே மாமா" என்றானாம்.

மற்ற இரண்டு கோப்புகளும் அலுமாரியில் இருக்கின்றன. ஒன்றுக்கு வருகிற செவ்வாய் தவணை.