பெட்ரோல் டாங்குக்கு வீட்டில் பெயிண்ட் அடிக்கும் முன்

சென்ற ஆடி மாதம் ஒரு தம்பி மண்பாதைப் பந்தயத்துக்கான தன் மோட்டோகிராஸ் பைக்கின் பெட்ரோல் டாங்கை மட்டும் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு கோவையில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். வேட்டியை விலக்கியதும் அம்மை போட்ட குழந்தையின் முதுகுதான் நினைவுக்கு வந்தது. அடர்நீலப் பெயிண்டில் மிளகு அளவிலும் கொண்டைக்கடலை அளவிலும் கொப்புளங்கள். மூன்று வாரங்களுக்கு முன் மொட்டைமாடியில் அவரே அடித்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, மூன்று கோட் அடித்து, மேலே பளபளப்புக்கு நிறமற்ற கிளியர் பூச்சும் அடித்திருக்கிறார். "எந்த இடத்தில் தவறு செய்தேன், அண்ணா?" என்று கேட்டார். பெரிய கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்தினேன். குப்பென்று பெட்ரோல் வாடை வந்தது.

அவருடைய கைவேலையில் ஒரு குறையும் இல்லை. பெயிண்ட் அடிக்கக் கூடாத பொருளின் மேல் அடித்துவிட்டார், அவ்வளவுதான்.

இந்த வகை டாங்குகளைப் பாலிஎத்திலீனில் செய்கிறார்கள். எண்ணெய் கேன் செய்கிற அதே இனப் பிளாஸ்டிக். பெட்ரோலும் பாலிஎத்திலீனும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள்கள், வேதியியலில் பங்காளிகள். அதனால் பெட்ரோல் அந்தச் சுவருக்குள் மெல்ல ஊறி, மறுபக்கம் ஆவியாக வெளியேறும். ஓட்டையும் இருக்காது, விரிசலும் இருக்காது. மண்பானையின் வெளிப்புறம் எப்படிக் குளிர்ந்து வியர்க்கிறதோ அப்படித்தான். அந்தப் பானைக்கு வெளியே ஆயில் பெயிண்ட் அடித்தால் ஊறி வரும் நீர் எங்கே போகும்? டாங்கிலும் அதே கதை. வெளியேற வழியில்லாத ஆவி பெயிண்டை முட்டித் தூக்குகிறது. ஆவி ஊறாமலிருக்க உட்புறத்தில் தடுப்புப் பூச்சோ தனி அடுக்கோ கொடுத்த டாங்குகளும் உண்டு. ஆனால் உங்கள் டாங்க் எந்த வகை என்பது வெளியில் பார்த்தால் தெரியாது. புதிய டாங்க், ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடப் பார்க்காதது என்று நம்பி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் நிரப்பிய சில நாட்களில் அதுவும் கொப்பளிக்கும்.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பைக்குகளின் டாங்க் இரும்புத் தகடு. டாங்க் போலத் தெரிவது சில மாடல்களில் மேலே மாட்டிய பிளாஸ்டிக் உறை மட்டுமே. உள்ளே இரும்பு டாங்க் தனியாக இருக்கும். காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால், சீட்டைக் கழற்றி, மூடியைச் சுற்றிப் பார்த்து, அது உறையா, டாங்கேதானா என்று உறுதி செய்யுங்கள். உறை என்றால் பெட்ரோலோடு அதற்கு உறவில்லை. தாராளமாகப் பெயிண்ட் அடிக்கலாம்.

அடுத்தது தீ. இதை நான் சொல்லிச் சொல்லி அலுத்ததில்லை, அலுக்கப்போவதும் இல்லை. பெட்ரோலை வடித்துவிட்டால் டாங்க் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். நிறைந்த டாங்கை விடக் காலி டாங்குக்குத்தான் நான் பயப்படுகிறேன். காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். வடித்த டாங்குக்குள் அந்தக் கலவை எளிதில் உருவாகிவிடும். பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். கூடத்தில் டாங்கைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். பூஜையறை விளக்கும் சமையலறை அடுப்பும் பத்தடி தள்ளி எரிந்துகொண்டிருக்கும். தின்னர் ஆவியும் இதே குணம்தான். ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும் நேரத்தில் எழும் சிறு பொறிகூடப் போதும். தின்னர் நனைந்த துணியை மூலையில் சுருட்டிப் போடாதீர்கள்; மிச்சத் தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

மூன்றாவதாகச் சொல்லப்போவதை எழுதும்போது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரியின் முகம்தான் கண்முன் நிற்கிறது. முப்பது ஆண்டுகள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்தவர். 2கே என்பது இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் பெயிண்ட். அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது நுரையீரலுக்கு ஒருமுறை ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு இம்மியளவு பட்டாலும் மூச்சு அடைக்கும். கடைசிக் காலத்தில் பட்டறையில் ஹார்டனர் டப்பாவைத் திறந்தால், அவர் வாசலில் நிற்க முடியாமல் தெருமுனைக்குப் போய்விடுவார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டீக்கடைப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த காட்சியை நான் மறக்கவில்லை. அளவு மீறினாலும் வாடை எச்சரிக்காது. அதுதான் ஐசோசயனேட்டின் கொடுமை. தூசிக்குப் போடும் துணி மாஸ்க் இதற்கு உதவாது. வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடிதான் சரி. அது எந்த வீட்டில் இருக்கிறது? அடியில் பொத்தானை அழுத்தினால் ஹார்டனர் கலந்துகொள்ளும் ஸ்பிரே கேன்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. கேன் சிறியது என்பதால் நஞ்சு சிறியதாகிவிடாது.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஹார்டனர் இல்லாத சாதாரண ஸ்பிரே கேனின் கிளியர், பெட்ரோல் பட்டதும் இளகிப் பிசுபிசுக்கும். பெட்ரோலைத் தாங்குகிற கிளியர் வீட்டில் அடிக்க ஏற்றதல்ல. வீட்டில் அடிக்கத் தக்க கிளியர் பெட்ரோலைத் தாங்காது. ஆகவே இரும்பு டாங்க் என்றால் பெயிண்ட் அடிப்பதற்கென்றே நல்ல பூத் (காற்று வடிகட்டும் மூடிய அறை) இருக்கும் பட்டறையில் கொடுங்கள். பாலிஎத்திலீன் டாங்க் என்றால் பெயிண்டையே மறந்துவிடுங்கள்.

மட்கார்டு, பக்கவாட்டுப் பேனல்கள், முன் கௌல் (ஹெட்லைட்டைச் சுற்றிய உறை) ஆகியவற்றை வீட்டிலேயே அழகாகச் செய்யலாம். உட்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். அச்சிலேயே பதிந்த எழுத்துகள் பெரும்பாலும் இருக்கும். ஏபிஎஸ் (ABS) என்றிருந்தால் அது ஒரு வகைப் பிளாஸ்டிக், பெயிண்ட் நன்றாகப் பிடிக்கும். பிபி (PP) என்றிருந்தால் அது பாலிபுரொப்பிலீன். இதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடிக்காவிட்டால் பெயிண்ட் பிடிக்காமல் தோலாக உரிந்து வரும். எழுத்து இல்லையென்றால் உள்விளிம்பில் நகக்கண் அளவு சீவித் தண்ணீரில் போடுங்கள். பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும்.

தேய்ப்பதற்கு முன்பே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். சிலிக்கான் பாலிஷ் போட்ட பேனலைக் கழுவாமல் தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கி, பெயிண்டில் மீன்கண் போலக் குழிகள் விழும். 600 எண் வாட்டர் பேப்பர் போதும். ஏபிஎஸ்ஸில் முதல் கோட்டைச் சொட்டச் சொட்ட அடித்துவிடாதீர்கள். தின்னர் பிளாஸ்டிக்கையே அரித்து, ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். மெல்லிய கோட்டாக, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளி விட்டு அடியுங்கள். இதற்கும் திறந்த இடமும், கரி வடிகட்டி பொருத்திய மாஸ்க்கும் வேண்டும். எங்கள் ஊரில் ஆடிக்காற்றில் அடித்தால் தூசி வந்து உட்காரும். ஐப்பசி ஈரத்தில் அடித்தால் பெயிண்ட் வெளுத்துப் பூக்கும். மாசி, பங்குனிக் காலைகள் அருமையானவை. வண்டியின் நிறமே மாறுகிறது என்றால், ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அந்தத் தம்பியின் டாங்கிலிருந்து பெயிண்டை எடுக்க எனக்கு எந்த இரசாயனமும் தேவைப்படவில்லை. கட்டைவிரல் நகத்தால் நெம்பியதும் வாழைப்பட்டை உரிவதுபோல் உரிந்து வந்தது. ஆவி வெளியேறுவதற்காக ஊசித்துளை போட்டு விற்கும் டாங்க் ஸ்டிக்கரை இரு பக்கமும் ஒட்டிக் கொடுத்தேன். மறுவாரம் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்து காட்டினார். பால்வெள்ளைச் சுவரின் ஊடே பெட்ரோல் மட்டம் பாதிக்குமேல் தெளிவாகத் தெரிந்தது.