காலநிலை விதிக்கு ஆட்சேபணை எழுத அறுபது நாள்

இந்தியாவில் ‘காலநிலை மாற்றச் சட்டம்’ என்று தனியாக ஒன்று கிடையாது. காலநிலை மாற்றத்தின் கெடுதல்களிலிருந்து காக்கப்படுவதும் ஓர் உரிமைதான் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகும் சட்டம் வரவில்லை. ஆனால் விதிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, அதிலும் 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ். அவற்றை இறுதி செய்வதற்கு முன் வரைவை அரசிதழில் போட்டு, ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள் என்று கேட்பது நடைமுறை. வழக்கமான அவகாசம் 60 நாள். ஆலை முதலாளிதான் எழுத வேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

கலெக்டர் தலைமையில் பந்தல் போட்டு, மைக் வைத்து நடத்துகிற கருத்துக்கேட்புக் கூட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒரு குறிப்பிட்ட ஆலைக்கோ சுரங்கத்துக்கோ அனுமதி தருவதற்கு முன் நடப்பது. இங்கே நாடு முழுமைக்குமான விதி. கூட்டம் கிடையாது, காகிதம் மட்டும்தான். அதனாலேயே பலருக்கு இது நடப்பதே தெரிவதில்லை.

அண்மைய உதாரணம், பசுங்குடில் வாயு (கரியமில வாயு போல பூமியைச் சூடாக்கும் வாயுக்கள்) உமிழ்வுச் செறிவு இலக்கு விதிகள். 2025 ஏப்ரல் 16 அன்று வரைவு வந்தது, அக்டோபர் 8 அன்று இறுதி அறிவிக்கை. அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி (குளோரின், காஸ்டிக் சோடா தயாரிப்பு), காகிதம் ஆகிய நான்கு துறைகளில் 282 ஆலைகளுக்கு இலக்கு வைத்தார்கள், அதில் 186 சிமெண்ட் ஆலைகள். இலக்கை எட்டாத ஆலை, இலக்கைவிடக் கூடுதலாகக் குறைத்த ஆலைகளுக்குத் தரப்படும் கார்பன் வரவுச் சான்றிதழை வாங்கி ஈடுகட்ட வேண்டும். அதையும் செய்யாவிட்டால் சான்றிதழின் சராசரி விலையைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு.

சரி, சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர்ப் பக்கம் குடியிருக்கும் ஒருவர் இதில் என்ன எழுத முடியும்? ‘செறிவு’ என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. ஒரு டன் சிமெண்டுக்கு எவ்வளவு உமிழ்வு என்பதுதான் கணக்கு, ஆலை மொத்தமாக எவ்வளவு விடுகிறது என்பதல்ல. ஒரு பேச்சுக்கு, டன்னுக்கு 700 கிலோ விட்ட ஆலை அதை 650 ஆகக் குறைக்கிறது என்று வையுங்கள். அதே சமயம் உற்பத்தி 10 லட்சம் டன்னிலிருந்து 12 லட்சமாகிறது. மொத்த உமிழ்வு 7 லட்சம் டன்னிலிருந்து 7.8 லட்சமாக ஏறிவிடும். இலக்கும் எட்டியாயிற்று, உமிழ்வும் கூடியாயிற்று! “இத்தனையாவது விதியில் மொத்த அளவுக்கும் ஒரு வரம்பு சேருங்கள்” என்று எழுதினால் அது உருப்படியான ஆட்சேபணை. “பூமியைக் காப்பாற்றுங்கள்” என்று மட்டும் எழுதினால் கோப்பில் போய்ச் சேரும், அவ்வளவுதான். எந்த விதி எண், என்ன மாற்றம், ஏன் என்ற மூன்றும் இருந்தால் ஒரு பக்கமே போதும். அனுப்ப வேண்டிய முகவரி வரைவிலேயே இருக்கும். கடைசி நாளைக் கணக்கிடும்போது, அரசிதழ் பிரதி பொதுமக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழிதான் பெரிய முட்டுக்கட்டை. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு (ஆலை, சுரங்கம் போன்றவற்றுக்கு அனுமதி தரும் முறை பற்றியது) இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தது, அதுவும் ஊரடங்கு நேரத்தில். டெல்லி உயர் நீதிமன்றம் அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது. அதை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. கருத்துக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு, மொழிபெயர்க்க மாட்டோம் என்று வழக்காடுவதை என்னவென்று சொல்வது? எப்படியும், குறைதீர்க்கக் கோரும் மனுவை நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு. அந்தத் தைரியத்தில் தமிழிலேயே எழுதலாம். முடிந்தால் கூடவே ஆங்கிலப் பிரதி ஒன்றும் வைத்துவிடுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.

நாளைக்கே முழுச் சட்டமாக மசோதா வந்தால்? அதற்கு 2014இல் மத்திய அரசு வகுத்த ‘சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாலோசனை’ கொள்கை இருக்கிறது. குறைந்தது 30 நாள் வரைவைப் பொதுவில் வைக்க வேண்டும், எளிய மொழியில் விளக்கக் குறிப்பு தர வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கொள்கை, சட்டமல்ல. காரணத்தைப் பதிவு செய்துவிட்டு அமைச்சகம் இதைத் தவிர்த்துவிடலாம்.

அப்புறம், எழுதியது என்ன ஆயிற்று என்று எப்படித் தெரியும்? இறுதி அறிவிக்கையின் தொடக்கத்தில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: வந்த ஆட்சேபணைகள் முறைப்படி பரிசீலிக்கப்பட்டன என்று. எத்தனை வந்தன, எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்று 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.