சிறுவரின் இரத்த அறிக்கையில் அல்கலைன் பொஸ்பட்டேஸ் உயர்ந்திருந்தால்

ஹற்றன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வரும் பெற்றோர் சிலர், பிள்ளையின் இரத்த அறிக்கையை நீட்டி, ஈரலில் ஏதும் கோளாறோ என்று பதற்றத்துடன் கேட்பதுண்டு. அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்னும் நொதியம் அதில் 'உயர்வு' எனக் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அருகில் அச்சிடப்பட்டுள்ள இயல்பளவு பெரும்பாலும் வளர்ந்தோருக்கானது. வளரும் பிள்ளையிடம் இந்நொதியம் அந்த உச்ச அளவைவிட இரண்டு மூன்று மடங்கு வரை இருப்பது இயல்பே. அதில் பெரும்பங்கு ஈரலிலிருந்து அல்ல, எலும்பிலிருந்தே வருகிறது.

கைகால்களின் நீண்ட எலும்புகள், முனைகளுக்கு அண்மையிலுள்ள வளர்ச்சித் தட்டில் முதலில் கசியிழையமாக, அதாவது குருத்தெலும்பாக, நீள்கின்றன. அந்தக் குருத்தெலும்பு அப்படியே இறுகி எலும்பாகிவிடுவதில்லை. அதன் பெரும்பகுதி உடைத்து அகற்றப்பட, எஞ்சி நிற்கும் மெல்லிய சுவர்களின் மேல்தான் புதிய எலும்பு படிகிறது. பழைய தேயிலையைப் பிடுங்காமல் மறுநடுகை செய்ய முடியாதது போலத்தான் இதுவும்.

தட்டின் அடிப்பகுதியில் குருத்தெலும்புக் கலங்கள் பருத்து, தம்மைச் சூழ்ந்த பொருளில் கல்சியமும் பொஸ்பேட்டும் படிய வழிசெய்கின்றன. தாதுப் படிவைத் தடுக்கும் பைரோபொஸ்பேட்டைச் சிதைப்பதே அல்கலைன் பொஸ்பட்டேஸின் வேலை. அதன்பின், எலும்பின் உட்புறமுள்ள மச்சையின் பக்கமிருந்து நுழையும் குருதிக் குழாய்களை ஒட்டி, பல கருக்களைக் கொண்ட கொன்ட்ரோகிளாஸ்ட் கலங்கள் வந்து சேர்கின்றன. எலும்பை அரிக்கும் கலங்களின் குடும்பத்தைச் சேர்ந்த இவை, தாது படிந்த குருத்தெலும்பில் ஒட்டிக்கொண்டு அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கின்றன. அந்த அமிலச் சூழலிலேயே நன்கு செயற்படும் கத்தெப்சின் கே என்னும் நொதியம் கொலாஜன் நார்களை வெட்டுகிறது. இவை சுரக்கும் இன்னொரு நொதியமான எம்எம்பி-9, குருத்தெலும்பை உடைப்பதோடு, அதற்குள் சிறைப்பட்டிருக்கும் குருதிக் குழாய் வளர்ச்சிக் காரணியையும் விடுவிப்பதாகக் கருதப்படுகிறது. எம்எம்பி-9 இல்லாமல் பிறந்த எலிகளைப் பற்றி 1998இல் வெளியான ஆய்வில், வளர்ச்சித் தட்டு இயல்பைவிட எட்டு மடங்களவுக்கு நீண்டிருந்தது. பிறந்து மூன்று வாரங்களுக்குப் பின்னர் அந்தத் தேக்கம் மெல்ல மெல்லச் சீரானது என்பது இன்னும் வியப்பானது. மனிதரில் கத்தெப்சின் கே மரபணு பழுதுபட்டால் பிக்னோடைசொஸ்டோசிஸ் என்னும் மிக அரிய நோய் தோன்றும். எலும்பு அடர்த்தியாக இருந்தும் எளிதில் முறியும், ஆளும் குள்ளமாக இருப்பார்.

அரிய நோயை விட்டுவிட்டு நம் கிளினிக்குக்கு வருவோம். விட்டமின் டி போதாதபோது குடல் கல்சியத்தையும் பொஸ்பேட்டையும் சரிவர உறிஞ்சுவதில்லை. பொஸ்பேட் குறைந்தால் பருத்த கலங்கள் உரிய காலத்தில் அழிவதில்லை, அவற்றைச் சூழ்ந்த பொருளில் தாதுவும் படிவதில்லை. தாது படியாத குருத்தெலும்பைக் கொன்ட்ரோகிளாஸ்ட்டுகளும் ஒழுங்காக அகற்றுவதில்லை. இப்படி அகற்றப்படாமல் குவிந்த குருத்தெலும்பே, வளரும் பிள்ளைகளின் எலும்பு சரிவர இறுகாத ரிக்கெட்ஸ் நோயில் மணிக்கட்டிலும் விலா எலும்பின் முனைகளிலும் வீக்கமாகத் தட்டுப்படுகிறது. எண்ணெய் தேய்த்து நீவினால் அது வடியாது. விட்டமின் டி குறைபாட்டுக்கு கல்சியம் பாணியை மட்டும் மாதக்கணக்கில் கொடுப்பதும் போதாது. அல்கலைன் பொஸ்பட்டேஸ் இந்நோயில் பிள்ளையின் வயதுக்குரிய அளவையும் தாண்டி நிற்கும். மணிக்கட்டு எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டு அகன்று, எலும்பின் ஓரம் கிண்ணம்போல் குழிந்திருக்கும்.

நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களில் வெயில் வலிமை குறைந்ததல்ல. ஆனால் முகிலும் மூடுபனியும் நீண்ட நேரம் மறைக்கின்றன, குளிருக்காகக் குழந்தைகள் தலைமுதல் கால்வரை கம்பளி உடுத்தப்படுகின்றனர், தாய் கொழுந்து பறிக்கப் போகும் நேரமெல்லாம் பிள்ளைக் காம்பராவுக்குள் இருக்கின்றனர். காலை ஏழு மணி இளம் வெயிலில் குழந்தையைக் காட்டும் வழக்கத்தை நான் குறைசொல்லவில்லை. ஆயினும் விட்டமின் டியை உண்டாக்கும் கதிர் அந்நேரத்தில் மிகக் குறைவு, கண்ணாடி யன்னலுக்குள் அது நுழைவதுமில்லை. அதற்காகக் கைக்குழந்தையை நண்பகல் வெயிலில் கிடத்தவும் கூடாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குச் சர்வதேசப் பரிந்துரைகள் நாளொன்றுக்கு 400 அலகு விட்டமின் டி கொடுக்கச் சொல்வதால், சொட்டு மருந்து வேண்டுமா என்று குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேட்பதே நல்லது.

கால் வளைந்த பிள்ளைகளுக்கெல்லாம் ரிக்கெட்ஸ் அல்ல. இரண்டு வயது வரை இரு கால்களும் ஒரேயளவில் சற்று வளைந்திருப்பது இயல்பானதே. ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, வயது ஏற ஏற வளைவு கூடினாலோ, மணிக்கட்டுத் தடித்திருந்தாலோ, நடை பிந்தினாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் எக்ஸ்ரேயில் புதிய தாதுக்கோடு தெரியத் தொடங்கும். அல்கலைன் பொஸ்பட்டேஸ் இயல்புக்கு இறங்க மாதக்கணக்கு ஆகும் என்பதால், அடுத்த அறிக்கையிலும் 'உயர்வு' என்றிருப்பதைப் பார்த்து, மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.