நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை

உளவியல் ஆலோசனைக்கு வருபவர்களில் ஒரு வகையினர் தம் துறையில் பெயரெடுத்தவர்கள். தூக்கமில்லை, எரிச்சல் கூடிவிட்டது, வீட்டில் எவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பார்கள். பேசப் பேச வேறொன்று தலைகாட்டும்: பின்னால் வந்த ஒருவர் தம்மைவிட நன்றாகச் செய்யத் தொடங்கிவிட்டார்.

அப்படி ஓர் இசை ஆசிரியர் வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). தம் மாணவி மேடையில் பாடிய பதிவைச் செல்பேசியில் போட்டுக் காட்டினார். பாட்டு ஓடும்போது அவர் கண்கள் மூடின, விரல்கள் தொடையில் தாளம் போட்டன. ஓரிடத்தில் தம்மை மறந்து "அடடா" என்றார். பாட்டு முடிந்ததும், "ஓர் இடத்திலாவது என் பெயரைச் சொன்னாளா, பார்த்தீர்களா?" என்று கேட்டார். ரசித்ததும் அவர்தான், வெந்ததும் அவர்தான். இரண்டுக்கும் நடுவே சில நொடிகளே இருந்தன. அந்தச் சில நொடிகளுக்குள் இசை அவருடைய சொத்தாகிவிட்டது. திறமையை இப்படிச் சொத்தாகப் பிடித்துக்கொள்வதைத்தான் பற்று என்கிறேன்.

குரல்வளத்தையும் கணக்கில் ஓடும் மூளையையும் நாம் கேட்டு வாங்கவில்லை. உழைப்பு நம்முடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் உழைக்கத் தெம்பும் சொல்லிக்கொடுக்க ஆளும் வாய்த்தது எப்படி? இதை ஒப்புக்கொள்ளத் திறமைசாலிகளுக்குத்தான் அதிகம் வலிக்கிறது. ஒப்புக்கொண்டால் தாமே இல்லாமல் போய்விடுவோம் என்ற பயம்.

அந்தப் பயம் சிறுவயதிலேயே ஊட்டப்படுவதும் உண்டு. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விடுவித்த சிறுவர்களில் ஒரு பகுதியினரை "நீ கெட்டிக்காரன்" என்றும், இன்னொரு பகுதியினரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோரும் தடுமாறினர். கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்களே விரைவில் சோர்ந்தனர். தம் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் ஒரு கதை இருக்கிறது. எசமான் மூன்று ஊழியர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை (அக்காலத்துப் பெரும் பணத்தொகை) ஒப்படைத்துவிட்டுப் போகிறார். முதல் இருவரும் பெற்றதை இருமடங்காக்குகிறார்கள். மூன்றாமவன் பயந்து புதைத்துவைக்கிறான். பிரசங்கங்களில் அடிபடுவது பெரும்பாலும் மூன்றாமவன்தான். என் கண்ணில் பட்டது வேறு. ஐந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் கிடைப்பது ஒரே பாராட்டு. பாராட்டும்போது யாரிடம் எவ்வளவு இருந்தது என்பதை எசமான் பொருட்படுத்தவே இல்லை.

புறநானூற்று 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் இதையே இன்னும் கறாராகச் சொல்கிறார். முதல் வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கடைசி வரிகளை எட்டுபவர்கள் குறைவு. ஆற்றுநீரின் போக்கில் செல்லும் தெப்பம்போல உயிர் முறைவழியே செல்கிறது என்று தெளிந்தோம். *ஆகவே* பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்கிறார். பிறரை மதிப்பது அங்கே தனியாகப் பழகவேண்டிய நாகரிகமாக வரவில்லை. பற்று தளர்ந்த மனத்தில் இகழ்ச்சிக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

எனவே பற்றின்மை பழக விரும்புகிறவர்களிடம் தியானத்துக்கு முன் சில கேள்விகள் கேட்பேன். உங்களைவிடக் குறைவாகத் தெரிந்தவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்கிறீர்களா? உங்கள் யோசனையை வேறொருவர் மேம்படுத்தினால் முதலில் மனத்தில் எழுவது என்ன? தெரிந்ததை முழுதாகச் சொல்லிக்கொடுக்கிறீர்களா, ஒரு நுணுக்கத்தைக் கைக்குள் வைத்துக்கொள்கிறீர்களா? இசை ஆசிரியர் கடைசிக் கேள்விக்கு நெடுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "ஒன்றல்ல, மூன்று வைத்திருக்கிறேன்" என்று சிரித்தார்.

ஓர் எச்சரிக்கை. "எதிலும் பற்றில்லை" என்று சொல்பவர்கள் எல்லோரும் பக்குவப்பட்டவர்கள் அல்லர். பற்று தளர்ந்தவர் பாட்டுப் பயிற்சிக்கு உட்காருவார், பாடும்போது மகிழ்வார். பலன் குறித்த பதற்றம்தான் குறைந்திருக்கும். மனச்சோர்வு நோயில் அந்த மகிழ்ச்சியே வற்றிவிடும். பிடித்ததிலும் நாட்டமின்மை, தூக்கக் குலைவு, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அதை ஆன்மிகக் கணக்கில் எழுதாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிர் வாழவே விருப்பமில்லை என்று தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.