பெர்லின்–டிரெஸ்டன் பாதைக்கென்றே பிறந்த என்ஜின்

1933-இல் பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே ஜெர்மன் ரயில்வே ஓட்டிய டீசல் ரயில் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொட்டது. நீராவி என்ஜின் செய்து பிழைத்துவந்த தொழிற்சாலைகளுக்கு அது பேரிடி. காஸல் நகரத்து ஹென்ஷெல் நிறுவனம் பதில் சொல்லத் துணிந்தது. அதே ஊரின் வெக்மான் நிறுவனம் நான்கு பெட்டிகள் கொண்ட இலகுவான ரயிலைச் செய்ய, அதை இழுக்க ஹென்ஷெல் 1935-இல் கட்டிய என்ஜின்தான் 61 001. பெர்லினின் ஆன்ஹால்ட்டர் நிலையத்திலிருந்து டிரெஸ்டன் வரை 176 கிலோமீட்டர். 1936-இல் அந்த ரயில் இத்தூரத்தைச் சுமார் 100 நிமிடங்களில் கடந்தது. போருக்குப் பின் பல பத்தாண்டுகள் ஆகியும் அந்த நேரத்தை எந்த ரயிலாலும் எட்ட முடியவில்லை.

இதில் வியப்பு வேகம் மட்டுமல்ல. அது ஒரு டேங்க் என்ஜின்.

நீராவி என்ஜின்களில் இரண்டு வகை உண்டு. தொலைதூர எக்ஸ்பிரஸ் என்ஜினின் பின்னால் ‘டெண்டர்’ என்ற தனி வண்டி வரும். நிலக்கரியும் தண்ணீரும் அதில்தான் இருக்கும். டேங்க் என்ஜினுக்கு அப்படி எதுவும் கிடையாது. தொட்டிகளும் கரிப்பெட்டியும் என்ஜினின் சட்டத்தின் மேலேயே அமர்ந்திருக்கும். டெண்டர் இல்லாததால் முன்னும் பின்னும் ஒரேபோல் ஓடும், நீளமும் குறைவு. ஆனால் கொள்ளும் தண்ணீரும் குறைவு. அதனால்தான் புறநகர் ரயிலுக்கும் யார்டில் பெட்டிகளைத் தள்ளுவதற்கும் மலையடிவாரக் கிளைப்பாதைகளுக்கும் அதை ஒதுக்கினார்கள். மணிக்கு 175 கிலோமீட்டர் போகும் என்ஜினை அப்படிக் கட்டலாம் என்று எவரும் எளிதில் நினைக்க மாட்டார்கள்.

ஹென்ஷெல் பொறியாளர்கள் நினைத்ததற்குக் காரணம், ஓட வேண்டிய தூரம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததுதான். எங்கும் ஓடும் என்ஜின் அல்ல அவர்கள் வரைந்தது. 176 கிலோமீட்டருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. தொட்டிகளில் 17 டன் தண்ணீர், பின்னால் 5 டன் நிலக்கரி. கணக்குப் போட்டால், கிலோமீட்டருக்கு நூறு லிட்டருக்கும் குறைவான தண்ணீரில் வேகத்தைத் தக்கவைக்க வேண்டும். டெண்டரை விட்டதில் இன்னொரு லாபமும் இருந்தது. என்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே காற்று சுழலும் இடைவெளிகள் குறைந்தன. என்ஜினின் பின்புறம் பெட்டியின் உருவத்தோடு சேர்ந்தாற்போல் அமைந்தது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். 80 கிலோமீட்டரில் இருப்பதைவிட 160-இல் அது நான்கு மடங்கு. எனவே, சக்கரங்களைக்கூட மூடிய தகட்டுப் போர்வையை வெறும் அழகுக்கு என்று சொல்லிவிட முடியாது. அதே போர்வை பராமரிப்புக்குத் தொல்லையாகவும் இருந்தது: எண்ணெய் விட வேண்டிய மூட்டுகளெல்லாம் தகட்டுக்குப் பின்னால்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சக்கரம். 61 001-இன் இயக்கச் சக்கரங்களின் விட்டம் 2.3 மீட்டர், உயரமான மனிதரையும் தாண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் என்ஜின் 7.2 மீட்டர் நகரும். 175 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 6.7 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் முன்னே ஓடி, நின்று, பின்னே ஓடி, மறுபடி நிற்க வேண்டும். பிஸ்டனும் அதோடு சேர்ந்த தண்டுகளும் கனமான இரும்பு. அவற்றை நொடிக்குப் பதின்மூன்று முறைக்கு மேல் திசை திருப்பும் விசை என்ஜினையே ஆட்டும். சக்கரம் பெரிதானால் அதே வேகத்துக்குச் சுற்றுகள் குறையும், ஆட்டமும் குறையும். இதற்கும் விலை உண்டு. பெரிய சக்கரத்தின் விளிம்பில் இழுவிசை குறைவதால் புறப்படும்போது என்ஜின் திணறும். நான்கே பெட்டிகள் என்பதால் அது தாங்கக்கூடியதாக இருந்தது. கொதிகலனில் 20 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு, அழுத்தம் வைத்ததும் உதவியது.

ஆனாலும் 61 001-க்கு, பிஸ்டன் ஓடும் உருளைகள் இரண்டு மட்டுமே. இடமும் வலமுமான இரண்டு பிஸ்டன்கள் கால் சுற்று இடைவெளியில் வேலை செய்வதால், முன்பின் அசைவு முழுதாகச் சமநிலைப்படாது. அதைச் சரிக்கட்டச் சக்கரத்தில் எதிர் எடை வைக்கலாம். அதன் அளவு கூடினால், அந்த எடையே ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தைச் சம்மட்டிபோல் அடிக்கும். இரண்டு உருளை என்ஜின்களின் தீராத சங்கடம் இது. மிகுவேகத்தில் 61 001-இன் ஓட்டம் அமைதியாக இல்லை.

1939-இல் வந்த 61 002 இதற்கான விடை. அதில் மூன்று உருளைகள், மூன்றில் ஒரு சுற்று இடைவெளியில் வேலை செய்யும்படி. மூன்று பிஸ்டன்களின் முதன்மை விசைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். தண்ணீர் 21 டன்னாகவும் நிலக்கரி 6 டன்னாகவும் ஏறின. அந்தப் பாரத்தைத் தாங்கப் பின்புறம் இரண்டு அச்சுகளுக்குப் பதிலாக மூன்று. முதல் என்ஜின் சுமார் 129 டன் என்றால் இது 146 டன். டேங்க் என்ஜினின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. கொஞ்சம் கூடுதல் தண்ணீர் கேட்டால் அச்சு கூடுகிறது, அச்சு கூடினால் எடை கூடுகிறது. அதோடு ஓட ஓடத் தண்ணீரும் கரியும் குறைவதால் சக்கரங்களின் மேல் இருக்கும் பாரமும் மாறிக்கொண்டே இருக்கும். 61 001-இல் அவை மொத்த எடையில் ஆறில் ஒரு பங்கு.

61 002 தன் பாதையில் வேலையைத் தொடங்கும் வேளையில் போர் மூண்டு ரயில் நின்றது. அந்த ஓட்டத்துக்கென்றே அளந்து செய்த இரண்டு என்ஜின்களுக்கும் வேறு எங்கும் பொருத்தமான வேலை இல்லை. மேற்கு ஜெர்மனியில் தங்கிய 61 001, 1951-இல் விபத்தில் சேதமடைந்து, மறு ஆண்டு ஓய்வு பெற்று, 1957-இல் உடைக்கப்பட்டது. பெட்டிகளுக்கு இன்னும் கொஞ்சம் வாழ்வு இருந்தது: 1950-களில் ‘நீல ஜென்ஷியன்’ என்ற எக்ஸ்பிரஸில் அவை ஓடின.

கிழக்கில் எஞ்சிய 61 002-இன் கதை வேறு. ஏற்றுமதிக்கான பெட்டிகளை வேகத்தில் சோதிக்க ஹாலே நகரத்துச் சோதனை நிலையத்துக்கு விரைவு என்ஜின் தேவைப்பட்டது. 1961-இல் மைனிங்கன் பணிமனை 61 002-ஐப் பிரித்து, புதிய கொதிகலனும் டெண்டரும் சேர்த்து 18 201 என்ற எண்ணில் மறுபடி கட்டியது. தொட்டிகள் போயின, 2.3 மீட்டர் சக்கரங்களும் மூன்று உருளை அமைப்பும் தங்கின. 1967-இல் எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். 1972 அக்டோபர் 11 அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் வெலிம் சோதனை வளையத்தில் அது மணிக்கு 182.4 கிலோமீட்டரை எட்டியது. அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏழு சுற்று. 61 001-ஐ ஆட்டிவைத்த சுற்று விகிதத்தையும் தாண்டி, மூன்று உருளைகளோடு ஓடிக் காட்டியது.